இடுப்பில் இருந்து இறங்கிய கபாலம்

“உனக்கு இன்னாத்துக்குடி அந்தக் கதை? வாயில இருக்கிறத மொதல்ல முழுங்கு!” கீழே சிந்திய மொச்சைச் சுண்டலை நான் ஏன் பொறுக்கித் தின்கிறேன் என்று கேட்ட பேத்தியை அதட்டினேன். ஆனால் அந்த வாசனை என்னை மேல்மலையனூர் அங்காளம்மா கோயிலுக்கே கொண்டுபோய்விட்டது.

சிவன் கையில் ஒட்டிய கபாலம் அவர் சோற்றையெல்லாம் தின்றதாம். அங்காளம்மா சோற்றைத் தரையில் இறைத்ததும் தின்ன இறங்கியதாம், ஆத்தா மிதித்துவிட்டாள். அதனால்தான் அங்கே மயானக்கொள்ளைத் திருவிழாவில் இன்றும் சுண்டலை வாரி இறைக்கிறார்கள்.

சின்ன வயதில், காய்ச்சல் விட்ட பிறகும் எதையும் விழுங்காமல் துரும்பாகிவிட்ட என்னை அம்மா அந்தத் திருவிழாவுக்கு இடுப்பில் சுமந்து போனாள். சுண்டல் சிதறியதும் நான் சரசரவென்று இறங்கி மண்ணோடு அள்ளித் தின்றேன். அம்மா தடுக்கவில்லை, அழுதுகொண்டே கும்பிட்டாள்.

ஊர் திரும்பி அக்கம்பக்கத்தில் சொன்னாள்: “அன்னிக்கு சிவனுக்குக் கை லேசாச்சு, இன்னிக்கு எனக்கு இடுப்பு லேசாச்சு. ஆத்தா நல்லா இருக்கணும்!”