கண்ணாடியக்காவின் நாவடக்கம்

நாவடக்கம் அருங்குணம். சொல்ல ஒன்றும் இல்லாதவர்க்கு அது எளிது. ஊரார் அந்தரங்கம் அனைத்தும் அறிந்தவர்க்கோ தவம். அத்தவத்தை வெள்ளை அங்கியோடு சேர்த்தணிந்து, நுண்ணோக்கிக் கண்ணாடியின்மேல் குனிந்திருக்கிறாள், அதனாலேயே அப்பெயர் பெற்ற கண்ணாடியக்கா. பெண்கள் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இதுவே அவள் இருக்கை.

வெள்ளைப்படுதல், அரிப்பு, நாற்றம் என்று வரும் பெண்களுக்கு, அவளிடம் வருமுன்பே தீர்ப்பு கிடைத்துவிடுகிறது. மாமியார் உடம்புச் சூடு என்பார். மருந்துக்கடைக்காரர் களிம்பு ஒன்றை நீட்டுவார். பக்கத்து வீட்டுக்காரி ஒழுக்கக்கேடு என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். பார்க்காத மூவரும் பேசுவர். பார்க்கும் ஒருத்தி பேசமாட்டாள்.

பூஞ்சையெனில் கண்ணாடியில் நூலும் மொட்டும் தெரியும். நல்ல கிருமிகள் குறைந்து மற்றவை பெருகியிருந்தால், பொடி உப்பு அப்பியதுபோல் செல்கள் கிடக்கும். இவ்விரண்டுக்கும் ஒழுக்கத்துக்கும் காத தூரம். மூன்றாவது, உடலுறவால் தொற்றும் ஒட்டுண்ணி. வாலைச் சவுக்காய்ச் சுழற்றி நீந்தும். சோதனைக்கு எடுத்த துளி குளிர்ந்தால் நீச்சல் நின்று, அடையாளம் போய்விடும். ஆகவே துளியிட்ட கண்ணாடிச் சில்லை உள்ளங்கைச் சூட்டில் ஏந்தி ஓடுவாள். அவள் தேநீர் ஆறலாம், துளி ஆறலாகாது.

அவளை வாய்திறக்க வைப்பது சோப்பு ஒன்றே. “டாக்டர் முன்னாடி அழுக்கா எப்படிக்கா வர்றது?” என்று நோயைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சோதனைக்கு வருவோர் பலர். அப்படி இருமுறை வந்து, ‘ஒன்றும் காணவில்லை’ என்ற தாளோடு திரும்பியவள் ஓர் இளம் மனைவி. மூன்றாம் முறை கழுவாமல் வரச் சொன்னவள் கண்ணாடியக்காதான். வந்தாள், கணவனும் வந்தான், கையில் மனைவியின் துணிப்பெட்டியோடு. ஒட்டுவாரொட்டி நோய் என்று தெரிந்தால் இங்கிருந்தே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக அவன் சூளுரைத்திருந்தான்.

கண்ணாடியில் அவை நீந்தின. கண்டதைக் கண்டபடி எழுதினாள். மருத்துவர் இருவரையும் அழைத்து, இருவருக்கும் மாத்திரை எழுதினார். அதுவே அவனுக்குப் பொறுக்கவில்லை. தாளோடு ஆய்வுக்கூட ஜன்னலுக்கு வந்துவிட்டான்.

“எனக்கு ஒண்ணுமே இல்ல. எனக்கு எதுக்கு மாத்திரை? இவளுக்கு இது எப்ப, யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு இதுலயே எழுதிக் குடுங்க.”

கண்ணாடியக்கா நிமிர்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்களின் வரிசை வியந்து நோக்கியது.

“இங்க பாருங்க தம்பி. இந்தக் கண்ணாடி என்ன இருக்குன்னுதான் சொல்லும். எப்ப வந்துச்சு, யாரு குடுத்தாங்கன்னு சொல்லாது. மாசக்கணக்குல சத்தமில்லாம உள்ள கிடக்கும். ஆம்பளைங்ககிட்ட பெரும்பாலும் அப்படித்தான்.”

“எனக்கு அரிப்புகூட இல்லையே.”

“அரிச்சாத்தான் நோவுன்னா, நான் எதுக்கு இங்க கழுத்து வலிக்கக் குனிஞ்சிருக்கேன்?”

வரிசையில் சிரிப்பு எழுந்தது. மனைவி மட்டும் பெட்டியையே பார்த்திருந்தாள். அவன் குரல் இறங்கியது. தானா அவளா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது என்றான்.

“தெரிஞ்சுக்க முடியாது. ஆனா ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டா, மத்தவர்கிட்டேருந்து திரும்ப வந்துடும். அது நிச்சயம்.”

சிறுநீர்க் குப்பி ஒன்றில் அவன் பெயரைத் தெளிவாக எழுதி நீட்டினாள். நூறு கண்கள் பார்ப்பதாக எண்ணிக் கூசி, அதை வாங்கிச் சட்டைக்குள் ஒளிக்க முயன்றான், மறுகையில் பெட்டி. கண்ணாடியக்கா பக்கவாட்டுக் கதவைத் திறந்தாள். பெட்டியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

“இது இங்க இருக்கட்டும். நீங்க போயிட்டு வாங்க.”

பெட்டியைத் தன் மேசைக்கடியில் தள்ளி, அதன்மேல் இரு பாதங்களையும் ஊன்றிக்கொண்டு, மீண்டும் குனிந்தாள்.

பிறர் மனையைக் காலடியில் வைத்துக் காப்பவளின் மனை தழைக்க. அவள் கொண்டவனும் மக்களும் நோயின்றி நெடிது வாழ்க. அவள் வாய் திறக்கும் மாலைகளில் அவ்வீட்டில் ஒரு செவியேனும் கேட்கக் காத்திருக்க.