பாராளுமன்ற வாசலில் அத்தை

நீட்டிய கையோடு நின்ற அந்தப் பெண் பொலிஸின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அதில் கோபமில்லை, திகைப்புத்தான். எதிரே என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், ரவிக்கைக்குள் செருகியிருந்த மணிபர்ஸை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். பர்ஸுக்குள் இருந்தது அவருடைய அடையாள அட்டை. "குடுக்க மாட்டேன்" என்றார். எங்களுக்குப் பின்னால் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதர் சங்கம் முழுவதும் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு மானமே போயிற்று.

எங்கள் ஊரான கொட்டகலையிலிருந்து இரண்டு வேன்களில் தலைநகரம் பார்க்க வந்திருந்தோம். கொழும்பை ஒட்டிய கோட்டேயில் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, நடுவில் தீவு மாதிரி விட்டுப் பாராளுமன்றம் கட்டியிருக்கிறார்கள். அகலமான வீதிகள், வெட்டிவிட்ட புல், ஒரு தாள் கிடக்காத நடைபாதை. அந்த நடைபாதையில் சப்பாத்து மாட்டிக்கொண்டு வேகவேகமாக நடந்தவர்களைப் பார்த்து, "எங்க இம்புட்டு அவசரமா போறாங்க?" என்று அத்தை கேட்டார். எங்கேயும் இல்லை, உடம்பு இளைக்க நடக்கிறார்கள் என்றேன். "அடக் கொடுமையே! நம்ம மலைக்கு அனுப்பி வைங்க, கூடையோட நடக்கட்டும்" என்றார். வேன் முழுக்கச் சிரிப்பு. முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவருக்கு அப்படித்தானே தோன்றும். பார்லிமெண்டைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று சங்கத்தை ஒரு வருடமாக நச்சரித்து, இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்ய வைத்ததே அவர்தான்.

அந்த ஆசைக்குக் காரணம் இருந்தது. இந்த நாட்டிலேயே பிறந்தும், தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்தவர்களின் பேத்தி என்பதால், ஐம்பது வயதை நெருங்கும்வரை அத்தை எந்த நாட்டுக்கும் உரியவராக இல்லை. எங்கள் மலையகத்தில் அவரைப் போல் எத்தனையோ பேர். அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் இந்தக் கட்டடத்தில்தான் நிறைவேறியது. அதன் பிறகே அவர் கைக்கு அந்த அட்டை வந்தது. அதற்கு முன், உள்நாட்டுச் சண்டைக் காலத்தில், கொழும்புக்குப் போன பஸ்ஸிலிருந்து அவரைச் சோதனைச் சாவடியில் இறக்கி, அட்டை இல்லையென்று ஒரு பகல் முழுக்க உட்கார வைத்திருந்தார்களாம். தோட்டத்து மனேஜர் துரையின் கடிதம் வந்த பிறகுதான் விட்டார்களாம். இதை அவர் அழுதுகொண்டு சொன்னதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வார்.

வாசலில் எல்லோரும் அட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு பாஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். திரும்பும்போது அட்டை கைக்கு வந்துவிடும். பயப்பட வேண்டாம் அம்மே என்று அந்தப் பெண் சிங்களத்தில் பொறுமையாகத்தான் சொன்னாள். "ஒரு மணி நேரந்தான் அத்தை, எல்லாரும் குடுக்குறாங்கல்ல?" என்று நானும் கெஞ்சினேன். "ஒங்களுக்கெல்லாம் வயசு வந்ததும் கெடச்சிருச்சு, குடுப்பீங்க. நான் குடுக்க மாட்டேன். நீ போயி பாத்துட்டு வா புள்ள" என்று சொல்லி, வெளியே ஒரு மர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் எரிச்சலோடு உள்ளே போனேன். அன்று சபை கூடவில்லை. வரிசை வரிசையாக வெறும் நாற்காலிகள். பார்த்துவிட்டு வந்தபோது அவர் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உள்ள பெருசா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இவ்வளவு பாடுபட்டு வந்து வாசலோடு திரும்புகிறாரே என்ற கோபத்தில், ஊரை நெருங்கி ஹட்டன் வரும்வரை நான் அவரோடு பேசவேயில்லை.

அடுத்த தேர்தலில் நான் படிப்பிக்கும் பாடசாலையில்தான் வாக்களிப்பு நிலையம். திறப்பதற்கு முன்பே அத்தை வரிசையில் முதல் ஆளாக நின்றார். அவருக்கு அப்போதே எழுபது ஆகியிருந்தது. பின்னால் நின்ற நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அலுவலர் வாய் திறப்பதற்கு முன்பே பர்ஸை எடுத்து, அட்டையை உருவி, மேசைமேல் டக்கென்று வைத்தார். அந்த அலுவலர் அத்தையின் பெயரை உரக்க வாசித்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

விரலில் மையோடு வெளியே வந்தவரிடம், "என்னங்க அத்தை, இங்க மட்டும் கேக்காமலே குடுத்துட்டீங்க?" என்று சீண்டினேன். டீச்சருக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல் ஒரு பார்வை பார்த்தார்.

"அங்க நாம உள்ள போறதுக்கு அவங்க பாஸ் குடுக்குறாங்க. இங்க அவங்க உள்ள போறதுக்கு நான்ல பாஸ் குடுக்குறேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று எங்கள் லயத்து வீட்டை நோக்கி ஏறத் தொடங்கினார். இவர் என் மாமியார் என்று அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும்போல் இருந்தது எனக்கு.