வெறும் விளையாட்டுச் சாமான்

செலினுக்குப் பேச்சுச் சாமர்த்தியம் அதிகம் என்று பட்டாபிராமில் எங்கள் தெருவில் எல்லோரும் சொல்வார்கள். அதைப் பாராட்டாக நினைத்து அவள் சிரித்த காலமும் உண்டு. அவள் அப்பா செபாஸ்டியன் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வெல்டர். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போயிருந்த செலின், தொண்ணூற்றைந்தில் அம்பத்தூரில் திருவேங்கடம் என்பவருடைய எலக்ட்ரானிக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

விற்க வேண்டிய சாமான் டிவி கேம். டிவியின் பின்னால் ஒயரைச் செருகி, கேசட்டைப் போட்டு, ஜாய்ஸ்டிக்கைக் கையில் பிடித்து விளையாடுகிற பெட்டி. அந்த வருடம் அதில் கீபோர்டு வைத்த ஒரு மாடல் வந்திருந்தது. பெட்டியின் மேல் வாளேந்திய வீரன் ஒருவன் வெள்ளைக் குதிரையில் பாய்ந்துகொண்டிருப்பான். கேசட்டைப் போட்டால் திரையில் வருவது கட்டம் கட்டமாக ஒரு சின்ன உருவம். ஆயிரக்கணக்கான விளையாட்டு என்று கேசட்டில் அச்சிட்டிருக்கும். நாலைந்து விளையாட்டுதான் வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும்.

ஆவடியிலும் அம்பத்தூரிலும் குவார்ட்டர்ஸ்களுக்கும் சர்ச் ஹால்களுக்கும் பெட்டியைத் தூக்கிப் போய் டெமோ காட்டுவது செலினின் வேலை. பிள்ளைகளிடம் பேசி நேரத்தை வீணாக்காதே என்று திருவேங்கடம் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் குதிரைப் படத்தைப் பார்த்தவுடனேயே விழுந்துவிடுவார்கள். பேச வேண்டியது அம்மாக்களிடம். அவர் அடித்திருந்த மஞ்சள் நோட்டீஸில் வீரனும் இல்லை, குதிரையும் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு பெண் கீபோர்டின் முன் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்றும், கீழே, ‘உங்கள் பிள்ளை நாளைய உலகத்துக்குத் தயாரா?’ என்றும் இருக்கும்.

செலின் அதை நம்பினாள். கம்ப்யூட்டரை அவள் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. கீபோர்டைத் தட்டினால் டிவியில் எழுத்து வருகிறது. அதற்குமேல் கம்ப்யூட்டரில் என்ன இருந்துவிடப்போகிறது என்று நினைத்தாள். பக்கத்து பிளாக்கில் யார் வாங்கினார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டால் அம்மாக்களின் முகம் மாறுகிறது என்பதையும் தானாகவே கண்டுகொண்டாள். நன்றாக விற்றாள்.

அப்படி வாங்கியவர்களில் ஒருத்தி பார்வதம். கணவர் குணசேகரன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். கும்பகோணம் பக்கமிருந்து வந்து குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். மகள் வசந்தகுமாரி பிளஸ் ஒன். கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக்கொண்டிருந்த பெண். செலின் இரண்டு முறை வீடு தேடிப் போய்ப் பேசிய பிறகுதான் பார்வதம் சம்மதித்தாள்.

பள்ளி விடுமுறை விட்டதும் வசந்தகுமாரி ஆவடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேரப் போனாள். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, எனக்கு அடிப்படை தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். எந்த கம்ப்யூட்டர் என்று கேட்டார்கள். அவள் அந்தப் பெட்டியின் பெயரைச் சொன்னதும் வகுப்பே சிரித்துவிட்டது. அதன்பிறகு அந்தப் பெண் அந்த வகுப்புப் பக்கமே போகவில்லை.

அடுத்த தடவை செலின் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது பார்வதம் மாடிப்படியருகே நிறுத்தினாள். சத்தம் போடவில்லை.

“நீதானம்மா சொன்னே, இதுல கத்துக்கிட்டா போதும்னு? அவ ராத்திரி பகலா அதுல டைப் அடிச்சா. ஆஃப் பண்ணா அத்தனையும் போயிடுது. அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

செலினுக்கு உண்மையில் தெரியாது. டெமோவில் தன் பெயரை அடித்துக் காட்டுவதோடு சரி. தெரியாது என்று சொன்னால் அது இன்னும் கேவலமாக இருக்கும் என்று பட்டது.

மறுநாள் கடைக்குப் போய், பார்வதத்தின் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒன்றைத் திரும்ப எடுத்தால் ஊரே தூக்கிக்கொண்டு வந்துவிடும் என்றார் திருவேங்கடம். நாம் பொய் சொல்லித்தானே விற்றோம் என்று அவள் கேட்டாள். அவர் நோட்டீஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“கம்ப்யூட்டர்னு நான் எங்கம்மா போட்டேன்? ‘கம்ப்யூட்டர் போல’ன்னு போட்டுகீது, நல்லா பாரு. படிக்காம வாங்கினா அதுக்கு நான் இன்னா பண்றது?”

பார்த்தாள். ‘போல’ என்ற சொல் இருந்தது. மற்ற எழுத்துகளில் பாதி அளவில், அந்தப் பெண்ணின் முழங்கைக்குக் கீழே ஒளிந்திருந்தது. இத்தனை மாதம் அந்த நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்தும் தன் கண்ணில் படவில்லையே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நெமிலிச்சேரியில் பூசை முடிந்து சர்ச் ஹாலில் டெமோ. விற்காவிட்டால் போகட்டும் என்ற முடிவோடுதான் செலின் எழுந்து நின்றாள்.

“இது வெறும் விளையாட்டுச் சாமான்தாங்க. இத வாங்கினா உங்க புள்ள கம்ப்யூட்டர் கத்துக்காது. பெட்டி மேல இருக்கிற குதிரை உள்ள வராது. விளையாடத்தான் வேணும்னா வாங்குங்க, இல்லன்னா வேணாம்.”

ஞானம்மாள் என்கிற டீச்சர், இத்தனை நாளில் உள்ளதை உள்ளபடி சொல்லி விற்கிற ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லி, தனக்கு ஒன்று எடுத்துவைக்கச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். கொண்டுபோன பெட்டிகள் போதவில்லை. வாங்கிய பெண்கள் கீபோர்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இவள் அடக்கமாகச் சொல்கிறாள், கொஞ்சமாவது பிள்ளைக்கு வராமலா போய்விடும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். செலின் வேண்டாம் என்று மறுபடி சொல்லச் சொல்ல அவர்களுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போயிற்று. அவள் வந்து சொல்வதற்கு வெகு நாள் முன்பே, டிவி விளம்பரமும் பக்கத்து வீட்டுப் பேச்சும் அவர்களை வாங்கும் மனநிலைக்குக் கொண்டுவந்திருந்தன. நம்பகமான ஒரு ஆள் மட்டும்தான் பாக்கி. அந்த இடத்தில் அவள் போய் நின்றுவிட்டாள்.

நடந்ததை வாங்கிய பெண்களிடம் ஒன்றுவிடாமல் கேட்டுத் தெரிந்துகொண்ட திருவேங்கடம் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் புது நோட்டீஸ் வந்தது: ‘உண்மையைச் சொல்லி விற்கிறோம்.’ புதிதாகச் சேர்ந்த ஞானகுமாரிக்கு அவரே பயிற்சி கொடுத்தார். ஒருநாள் கடைக்குள் நுழைந்த செலின், ஞானகுமாரி ஒரு தம்பதியிடம், “இது வெறும் விளையாட்டுச் சாமான்தாங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு கணம் நிறுத்தி, லேசாகச் சிரிப்பதைக் கேட்டாள். நெமிலிச்சேரியில் பயத்தில் தன் குரல் தடுமாறிய இடம் அது. அந்தத் தடுமாற்றத்தைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

செலினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பொய் சொன்னாலும் விற்கிறது, நிஜம் சொன்னாலும் விற்கிறது, நான் வாயைத் திறக்காமலே இருந்துவிடுகிறேன் என்று திருவேங்கடத்திடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அவர் அவளை நல்லபடியாகவே கூப்பிட்டுப் பார்த்தார். அதுதான் அவளை இன்னும் கோபப்படுத்தியது.

பார்வதத்தைப் பார்த்து வேலையை விட்ட விஷயத்தைச் சொல்லப் போனாள். மத்தியான நேரம், கதவு திறந்திருந்தது. பார்வதம் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள், எழவில்லை.

“வாங்கியாச்சு, என்ன பண்றது. உம்மேல எனக்குக் கோபம் போயிடுச்சுன்னு மட்டும் நெனைக்காதே.”

“போக வேணாம்க்கா,” என்றாள் செலின்.

கொஞ்ச நேரம் வாசலில் நின்று அந்தக் கட்டைகள் விழுவதைப் பார்த்துவிட்டு வந்தாள். வசந்தகுமாரி பிறகு பி.காம். படித்தாள் என்று கேள்வி.

செலின் பட்டாபிராமிலேயே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். தொண்ணூற்றெட்டில் அங்கேயும் இரண்டு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. வாசல் கரும்பலகையில் விளம்பரம் எழுதும் வேலையை முதலாளி கோவிந்தராஜ் அவளிடம் கொடுத்தார். என்ன பாடம், எவ்வளவு கட்டணம், எந்த நேரம் என்பதை மட்டும் எழுதினாள். சாயங்காலம் பார்த்தால் அதற்கு மேலே, ‘வேலை உறுதி’ என்று அவர் கொட்டை எழுத்தில் சேர்த்திருந்தார். செலின் ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். மறுநாள் காலையில் அது திரும்பவும் இருந்தது. திரும்பவும் துடைத்தாள்.

அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. அந்த வருடம் சேர்க்கைக்கு வந்த பெண்களில் பலர் உள்ளே நுழைந்ததும் அவளிடம் முதலில் கேட்டது, வேலை எப்போது கிடைக்கும் என்பதைத்தான்.