களுதாவளைக்கு நேரே நின்றபோது

திருகோணமலையில் ஏறி, தெற்கே கொஞ்சத் தூரம் போய்த் திரும்புகிற இரண்டு இரவுக் கப்பல் பயணம் அது. பெரிய கப்பலில் போவது எப்படியிருக்கும் என்று ருசி பார்க்க விரும்புகிறவர்களுக்கானது. கனடாவிலிருந்து மகள் வந்து என்னோடு ஏறுவதாக இருந்தது. கடைசியில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை.

"வீணாக்காம நீங்க போங்கம்மா. எல்லாத்தையும் அனுபவிச்சிட்டு வாங்க" என்றாள்.

அனுபவிக்கத்தான் பார்த்தேன். நீச்சல் குளத்தில் கால் நனைத்தேன். பெயர் தெரியாத இனிப்புகளையெல்லாம் எடுத்துத் தின்றேன். சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த குடும்பம் போனைத் தந்து படம் எடுக்கச் சொன்னது. எடுத்துக் கொடுத்தேன். பிறகு அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கரை மெல்லிய கோடாகத் தெரிந்தது. களுதாவளைப் பக்கம் என்று கப்பல் ஊழியர் ஒருவர் சொன்னார். சிக்னலும் வந்தது. அந்த ஊரில் இருக்கும் என் தங்கச்சியை அழைத்துக் கடற்கரைக்குப் போகச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே மூச்சு வாங்க நடந்து போனாள்.

"ஒண்டும் தெரியுதில்லயே அக்கா. வெயில் கண்ணக் கூசுது."

"நல்லாப் பாரு. நான் கை காட்டுறன்."

"காட்டுங்க, காட்டுங்க. நானும் காட்டுறன். உங்களோட ஆர் நிக்கிற?"

"ஒருத்தருமில்ல."

அவள் ஏதோ சொல்லத் தொடங்கியபோது லைன் அறுந்துவிட்டது. கரை மறையும்வரை நான் கையை இறக்கவில்லை.

களுதாவளைக்கு அடுத்த ஊரான களுவாஞ்சிக்குடியில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் மகள் அழைத்து, எப்படியிருந்தது என்று கேட்டாள். கடல் வடிவாக இருந்தது என்றேன்.

"அடுத்த முறை ரெண்டு பேருமாப் போவம்" என்றாள்.

"ஓம்" என்றேன்.