லிஃப்ட் மெக்கானிக் மூட்டை கட்டிய கதை

நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டுக்கு அவர்தான் வைத்தியர். மாடிப்படி மட்டும் அவருக்கு ஆகாது. "படியேறினா என் தொழிலுக்கே துரோகம்" என்பார். அப்படிப்பட்டவர்தான், ஓய்வு பெற்ற கையோடு, முதுகில் மூட்டையைச் சுமந்துகொண்டு தேசம் தேசமாக நடக்கலாம் என்று மனைவியிடம் சொன்னார். எப்படியும் அவள் மறுத்துவிடுவாள், ஆசைப்பட்ட பெருமை மட்டும் தனக்கு மிஞ்சும் என்று நம்பித்தான் சொன்னார். பள்ளிக்கூட பஸ் ஓட்டி, ஒரே சாலையைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்த அவளோ, மறுநாளே வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"எப்ப கிளம்பலாம்?"

தலையை ஆட்டுவதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவர்கள் குடியிருந்த கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பார்ப்பவர்களெல்லாம் கைகொடுத்தார்கள். 'வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்' என்று தன்னையே நொந்துகொண்டார். பயம் கூடக் கூட மூட்டையும் பெருத்தது. இஸ்திரிப் பெட்டி, தலையணை, ஸ்பானர் செட் எல்லாம் உள்ளே போயின.

"ஸ்பானர் எதுக்குங்க?"

"அங்க லிஃப்ட் ரிப்பேரானா?"

கிளம்பும் நாளன்று அண்டை வீட்டார் கீழே கூடி நின்றார்கள். இருவரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். அது இரண்டு மாடி இறங்கியதும் குலுங்கி நின்றது. அவருடைய மூட்டையின் வார் கதவில் சிக்கியிருந்தது. 'துணியோ வாரோ கதவில் சிக்காமல் பார்த்துக்கொள்ளவும்' என்று உள்ளே ஒட்டியிருந்த அறிவிப்பு அவர் எழுதியதுதான். மனைவி அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்தாள்.

வேறு வழியில்லாமல், தனக்குப் பிறகு அந்த வேலைக்கு வந்தவனுக்கு போன் போட்டார். அவன் வந்து லிஃப்ட்டை மெல்ல இறக்கிக் கதவைத் திறந்தபோது வார் அறுந்தது, தையலும் பிரிந்தது. தலையணையும் இஸ்திரிப் பெட்டியும் எல்லார் காலடியிலும் உருண்டன.

"அண்ணே, வீடு மாத்துறீங்களா?" என்றான் அவன்.

கட்டடமே சிரித்தது. கொஞ்சம் தாமதமாக அவரும் சிரித்துவிட்டார். மனைவி நான்கைந்து துணிகளை மட்டும் பொறுக்கினாள். கீழ்வீட்டுக்காரம்மா தன் மகளின் பழைய பள்ளிக்கூடப் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். முயல் படம் போட்ட ரோஸ் நிறப் பை. அதை மாட்டிக்கொண்டு, முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தெருவில் இறங்கினார்.

விமான நிலையத்துக்குப் போகும் ரயிலில், முயல் படம் வெளியே தெரியாதபடி பையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "உண்மையச் சொல்லட்டுமா? நீ வேணாம்னு சொல்லுவேன்னு நெனச்சுதான் சொன்னேன்."

"தெரியுமே."

"தெரிஞ்சுமா வேலைய விட்ட?"

"விடலைன்னா நீங்க எங்க கிளம்பப் போறீங்க? எனக்கும் பயமாத்தான் இருக்கு. வழி தெரியாத ரோட்ல ஓட்டி ரொம்ப நாளாச்சு."

அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஜன்னலோர இடத்தை அவளுக்கு விட்டுக்கொடுத்து, அவள் பையையும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.