பல்லேபொலயில் வாங்கிய தேத்தண்ணீர் மெஷின்

அதை நான் முதலில் பார்த்தது மதினியின் போனில். யாரோ ஒருவர் வீட்டு ஹோலின் மூலையில், மேலே பின்னல் துணி விரித்து, துணிமேல் பிளாஸ்டிக் பூ வைத்து, கல்யாணப் பெண்ணைப் போல நிறுத்தி எடுத்த படம். 'பாவித்த மெஷின், நல்ல நிலையில். தேத்தண்ணீர், கோப்பி, சொக்லட். பல்லேபொல' என்று கீழே எழுதியிருந்தது. மதினி படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, என்னிடம் நீட்டினாள். "இது வந்தா ஒங்க நானா கடையத் தொறப்பாரா?" என்று கேட்டாள்.

மாத்தளை முஸ்லிம்கள் நாங்கள் அண்ணனை நானா என்போம். என் நானாவுக்கு அலுவிகாரையில், பெரிய தெருவோரமாக, பஸ் நிற்கும் இடத்தில் ஒரு தேத்தண்ணீர்க் கடை இருந்தது. உள்ளதைச் சொன்னால் என்ன, அவர் ஊற்றிய தேத்தண்ணீர் சுமார்தான். ஒரு நாள் கஷாயம், ஒரு நாள் வெந்நீர். ஆனால் கடையில் ஆட்கள் உட்காரும் வாங்குகள் காலியாக இருந்ததில்லை. எந்த வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், எந்த பஸ் வழியில் நின்றுவிட்டது, லக்கலப் பக்கம் யானை யாருடைய வாழையை முடித்தது, எல்லாம் அவர் வாயில்தான் இருக்கும். தமிழில் தொடங்கிய கதையைச் சிங்களத்தில் முடித்து, இரண்டு பக்கத்தாரையும் சிரிக்கவைப்பார். "நானாட தேத்தண்ணி வாய்க்கு வெளங்காது, காதுக்குத்தான் நல்லம்" என்று அவர் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.

அந்த மனிதருக்குத்தான் பாரிசவாதம் வந்தது. கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. நாக்குத்தான் சொன்னபடி கேட்கவில்லை. புத்தியில் ஒரு குறையும் இல்லை. சொல்ல வேண்டியது முழுதாக உள்ளே இருக்கும். ஆனால் ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டுத்தான் வெளியே வரும். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அவர் "பஸ்..." என்றதும், "பஸ் கிடைச்சிச்சி நானா, லேசா வந்துட்டோம்" என்று முந்திக்கொண்டு முடித்துவிடுவார்கள். அவர் கேட்க வந்தது வேறு எதுவோ. நானும் அப்படித்தான் முடித்து வைத்தேன், மதினியும்தான். கொஞ்ச நாளில் அவர் வாக்கியங்களைத் தொடங்குவதையே விட்டுவிட்டார். ஆள் வரும் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கடை பூட்டியே கிடந்தது. வாதம் கொண்டுபோகாததை இந்த மௌனம் கொண்டுபோய்விடும் என்று மதினி பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

மெஷின் அவளுடைய யோசனை. வருகிறவர்கள் தாங்களே பட்டனை அமுக்கிக் குடிப்பார்கள், நானா சும்மா கதிரையில் இருந்தால் போதும், ஒன்றும் பேசத் தேவையில்லை. படத்தை அவரிடம் காட்டினோம். வெகு நேரம் பார்த்தார். "மெஷின்... கதை... கேக்காது" என்றார். அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நானாவையும் ஏற்றிக்கொண்டு த்ரீவீலில் கிளம்பினோம். வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஓரிடத்தில் மரம் விழுந்து பாதை அடைத்திருந்தது. போய்ச் சேர்ந்தபோது விற்கிறவரான அந்த அம்மா, சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆன டீச்சர், கணவர் காலமாகி ஒரு வருடம் ஆகவில்லை. எங்களைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, கொஞ்சம் முந்தி வந்திருக்கக் கூடாதாங்க? வெளக்கு வச்சதுக்கு அப்புறம் வீட்டுச் சாமான வெளிய குடுக்க மாட்டோம். அதுவும் வெள்ளிக்கெழம." நாங்கள் வாதாடவில்லை. எங்கள் உம்மாவும் அந்தி மஃரிபுக்குப் பிறகு அடுத்த வீட்டுக்கு உப்புக்கூடக் கொடுத்ததில்லை. காலையில் வந்து ஏற்றிக்கொள்வது என்று ஒத்துக்கொண்டோம். மழை விடும்வரை இருக்கச் சொல்லி, மெஷினைக் கரண்டில் போட்டார். மதினியையும் என்னையும் உள்ளே கூட்டிப்போய், துவைத்த விரிப்பொன்று தந்து, தொழ இடம் காட்டினார்.

தொழுதுவிட்டு வெளியே வந்தபோது அந்த அம்மா குசினியில் இருந்தார். த்ரீவீல்காரத் தம்பி மெஷினுக்கு முன்னால் கோப்பையுடன் முழித்துக்கொண்டு நின்றான். "தேத்தண்ணியத்தானே அமுக்கின, சொக்லட் வருது. மெஷின் பிழையா?" என்றான். மதினியின் முகம் செத்துப்போனது. அப்போது கதிரையிலிருந்து நானாவின் குரல் வந்தது.

"தேத்தண்ணி..."

நாங்கள் மூவரும் திரும்பினோம். வழக்கம்போல யாராவது முடித்துவைத்திருப்போம். ஆனால் எங்கள் ஒருவருக்கும் மிச்சம் தெரியாது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. கூரையில் மழை கொட்டியது. தம்பி கோப்பையைப் பிடித்தபடி நானாவின் வாயையே பார்த்தான்.

"வேணும்னா... கோப்பிய... அமுக்கு."

தம்பி அமுக்கினான். ஆவி பறக்கத் தேத்தண்ணீர் வந்தது. நானா சிரித்தார். வாதம் வந்த பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அப்படியே பழைய குறும்போடு இருந்தது.

நாங்கள் உள்ளே இருந்தபோது அந்த அம்மா அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவருடைய கணவர் டியூஷன் வகுப்புப் பிள்ளைகளுக்காக அதை வைத்திருந்தாராம். நம் ஊரில் தேத்தண்ணீர்தானே அதிகம் போகும்? ஆனால் மெஷினில் பெரிய டப்பா கோப்பிக்கு. மனிதர் யோசித்து, பெரிய டப்பாவில் தேத்தண்ணீர்த் தூளைக் கொட்டிவிட்டார். கோப்பித்தூள் சொக்லட்டின் டப்பாவுக்குப் போனது, சொக்லட் தேத்தண்ணீரின் டப்பாவுக்கு. பட்டனில் இருந்த எழுத்தை மாற்றவே இல்லை. "அவருதான் எப்பவும் பக்கத்துல நிப்பாரே, எதுக்கு மாத்தணும்?" என்றார் அந்த அம்மா. பெரிய விஷயம் இல்லை, பேப்பர் வெட்டி ஒட்டினால் சரியாகிவிடும் என்று மதினி சொன்னாள். நானா தலையை ஆட்டினார். "ஒட்ட... வேணாம்."

அன்று விளக்கு வைக்குமுன் போயிருந்தால் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டில் விஷயம் தெரிந்ததும் லேபலை ஒட்டியிருப்போம். எல்லாம் முறையாக நடந்திருக்கும், நானா சுவர்ப் பக்கம் திரும்பியே கிடந்திருப்பார்.

கடை திறந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் தேத்தண்ணீரை அமுக்கி, சொக்லட்டைப் பார்த்து ஏமாந்து, கதிரைப் பக்கம் திரும்பினார்கள். நானா ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். கையில் கோப்பையோடு நிற்கிறவனுக்கு எங்கே அவசரம்? அந்த ஒரு வாக்கியம் முதலில் சீரானது. பிறகு அதற்கு முன்னும் பின்னும் வேறு வாக்கியங்கள் சேர்ந்தன. மாதங்கள் போகப் போக யானை வந்தது, பெண் பார்க்க வந்தவர்கள் வந்தார்கள், மெதுவாகத்தான் என்றாலும் கதைகள் எல்லாம் கடைக்குத் திரும்பின. அங்கே லொத்தர் சீட்டு விற்கும் ஐயா ஒருவர் தினமும் வருவார். எந்தப் பட்டனில் எது வரும் என்று மூன்றாம் நாளே அவருக்கு மனப்பாடம். ஆனாலும் விரலைத் தூக்கிக்கொண்டு, "நானா, தேத்தண்ணிக்கி எதுங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கோப்பியை அமுக்குவார்.

போன நோன்புக்கு முன்னால் நானா மவுத்தாகிவிட்டார். மதினி விதவையின் இத்தாவில், வெளியே வராமல் வீட்டோடு இருந்த மாதங்களில் அவர்களுடைய மகன்தான் கடையைப் பார்த்தான். கெட்டிக்காரப் பிள்ளை. டப்பாக்களைக் கழுவி, தூள்களை அதனதன் இடத்தில் போட்டுவிட்டான். இப்போது தேத்தண்ணீரை அமுக்கினால் தேத்தண்ணீர் வருகிறது. ஆட்கள் அமுக்குகிறார்கள், குடிக்கிறார்கள், பஸ் ஏறுகிறார்கள். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இத்தா முடிந்து மதினி கடைக்கு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். சுகமில்லாமல் கிடந்து வெகு நாள் கழித்து லொத்தர் ஐயாவும் வந்தார். பழக்கத்தில் நேரே கோப்பியை அமுக்கினார். கோப்பி வந்தது. அவர் கோப்பி குடிக்கிறவர் இல்லை. கோப்பையைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார்.

"இப்ப எல்லாம் சரியாக்கியாச்சி ஐயா" என்றாள் மதினி. "தாங்க, நான் தேத்தண்ணி எடுத்துத் தாறேன்."

"வேணாம் புள்ள" என்றார். நின்ற இடத்திலேயே கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

மறுநாளும் அவர் கோப்பியைத்தான் அமுக்கினார்.