தாகத்துக்கு எத்தனை மார்க்?

1. கேதகியின் தாள்

டாக்டர் கேதகி என் மேஜைக்கு வந்து ஒரு தாளை நீட்டினார். அதில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. இடது முனையில் 'தாகமே இல்லை' என்றும் வலது முனையில் 'தாங்க முடியாத தாகம்' என்றும் ஆங்கிலம், இந்தி, மராத்தி மூன்றிலும் அச்சடித்திருந்தது.

"இதுதான் மேடம் என் தீசிஸ். பேஷண்ட் இந்தக் கோட்டில் ஒரு புள்ளி வைக்கணும். நான் ஸ்கேல் வெச்சு அளந்து மார்க் போடுவேன்" என்றார். அவர் பேசியது இந்தியும் ஆங்கிலமும் கலந்து. நான் தமிழில் எழுதுகிறேன்.

புனேயில் ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மேற்படிப்புப் படிக்கும் ஒவ்வொரு டாக்டரும் தீசிஸ் என்ற ஆய்வேடு ஒன்றை எழுதியாக வேண்டும். அதில் சாப்பாடு சம்பந்தமாக ஒரு வரி இருந்தாலும் என் மேஜைக்கு வந்துவிடும். எலும்பு முறிந்தவர்களின் கால்சியம், கர்ப்பிணிகளின் இரும்புச் சத்து, குறைமாதக் குழந்தைகளின் பால் அளவு, தீக்காயம் பட்டவர்களின் புரதம் என்று எல்லாப் பிரிவுக்காரர்களும் வருவார்கள். எத்தனையோ தீசிஸ்களின் நன்றியுரையில் கடைசி வரியில் என் பெயர் இருக்கிறது. கேதகியின் தீசிஸ் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

கேதகி பொது மருத்துவத்தில் எம்.டி. இரண்டாம் ஆண்டு. டயாலிசிஸ் நோயாளிகளின் தாகத்துக்கும், ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர்களுக்கு ஏறும் எடைக்கும் என்ன தொடர்பு என்பதுதான் அவருடைய கேள்வி. சிறுநீரகம் நின்று போனவர்கள் குடிக்கும் தண்ணீர் வெளியே போக வழியில்லை. அடுத்த டயாலிசிஸில் மெஷின் எடுக்கும்வரை உடம்பிலேயே தங்கி எடையாக ஏறும், முற்றினால் நுரையீரலில் நிறையும். அதனால் பலருக்கு நாளொன்றுக்கு எழுநூறு மில்லிதான் கணக்கு. காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள் அடக்கம். அளவுக் கப்பைக் கையில் கொடுத்து, "இதுக்கு மேல வேண்டாம்" என்று இருபது வருஷத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

2. மோகனசுந்தரம்

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் மூன்று நாள் காலை பதினொரு மணிக்கு மோகனசுந்தரம் வருவார். வயது நாற்பத்து மூன்று. ஊர் கோயம்புத்தூர். ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை. சிறுநீரகம் போன பிறகு ஹடப்சர் ஃபிளாட்டில் இருந்தபடியே லேப்டாப்பில் வேலை செய்துவந்தார். மனைவி பூங்கொடி ஆட்டோவில் கூட்டிவருவார். தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கணவருக்குக் கொடுப்பதற்கான பரிசோதனைகள் அவருக்கு நடந்துகொண்டிருந்தன.

டயாலிசிஸ் யூனிட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் மூவர்தான். வீட்டில் என் பிள்ளைகளே என்னிடம் பாதி இந்தியில் பேசுகிறவர்கள். அந்த மூன்று நாட்களும் நான் ரவுண்ட்ஸை டயாலிசிஸில் முடிப்பதுபோல் வைத்துக்கொள்வேன். அவர்கள் பேச்சைக் கேட்க எனக்கு ஆசை.

மோகன் கேதகியின் ஆராய்ச்சியில் சேர்ந்தார். ஒவ்வொரு தடவையும் கோட்டின் இடது ஓரத்தில், இரண்டு சென்டிமீட்டருக்குள் புள்ளி வைப்பார். எடை மெஷினில் ஏறினால் மூன்றரை, நான்கு கிலோ கூடியிருக்கும்.

"தாகமில்லாதவருக்கு எப்படி மேடம் இவ்வளவு தண்ணி ஏறும்?" என்று கேதகி கேட்டார்.

எனக்கு ஒரே பதில்தான் தோன்றியது. உப்பு. மோகனிடம் கேட்டேன். "சாம்பாருல கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்குமுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். பூங்கொடியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"நீங்க கிட்னி குடுக்கப் போறீங்க. அதுவரைக்கும் அவரை நல்லபடியா வெச்சுக்க வேண்டாமா? நாக்குக்கு ருசியா போடணும்னு உப்பை அள்ளிப் போட்டா எப்படி?"

பூங்கொடி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதத்தில் நான்கைந்து தடவை அவரை இப்படிக் கடிந்துகொண்டேன்.

3. ஒரு செவ்வாய்க்கிழமை

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே இடைவெளி அதிகம். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே மோகனை எமர்ஜென்சிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி, வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். முகமூடியில் ஆக்சிஜன் வைத்து, நேரே டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்தரை கிலோ ஏறியிருந்தது.

நான் போனபோது பூங்கொடி கதவுக்கு வெளியே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் குரல் உயர்ந்தது.

"மேடம், எங்க ஊட்டுல உப்பு டப்பாவே இல்லீங்க. எட்டு மாசமா நானும் ரெண்டு பசங்களும் உப்பில்லாமத்தான் திங்கறோம். அவரு மட்டும் தனியா அப்படித் தின்னா மனசு நோகுமேன்னு. நீங்க திட்டறப்பெல்லாம் வாயை மூடிட்டு இருந்தனுங்க. உப்பே போடறதில்லீன்னு நான் சொன்னா, அவருதான் திருட்டுத்தனமா எதையோ பண்றாருன்னு ஆயிருமே."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "தப்பு என் மேலதாம்மா. கேக்காமலே முடிவு பண்ணிட்டேன்" என்றேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னைப் பார்க்கவும் இல்லை.

4. மோகன் சொன்னது

நான்கு மணி நேரம் கழித்து மூச்சு சீரானது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டுப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த யூனிட்டில் ஒரு நோயாளிக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்து பேசியது அன்றுதான் முதல் தடவை என்று பிறகு நினைத்துப் பார்த்தேன்.

"என்ன ஆச்சு மோகன்?"

சீலிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"எம் மச்சினன் ஊர்ல இருந்து வந்திருக்கானுங்க, ஆப்பரேஷன் சமயத்துல பசங்களப் பாத்துக்க. வரும்போது அஞ்சு லிட்டர் கேன்ல எங்கூரு சிறுவாணித் தண்ணி எடுத்துட்டு வந்துட்டான். அக்கா காப்பிக்கு ஆசைப்படுவாளேன்னு. எனக்குத் தண்ணி அளவுதான்னு அவனுக்குச் சரியாத் தெரியலீங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் கடைக்குப் போயிருந்தாங்க. ஒரே ஒரு வாய்னுதான் எடுத்தனுங்க. அண்ணாந்து குடிச்சு எத்தனை நாளாச்சு! அந்த மடக் மடக் சத்தம் தொண்டைல கேட்டதும் நிறுத்த முடியலீங்க மேடம். அழுதுட்டே குடிச்சனுங்க."

"அப்படின்னா தாகமே இல்லைன்னு ஏன் புள்ளி வெச்சீங்க?"

"தாகமில்லாமயா? கனவுல கூட பைப் தொறந்து தண்ணி போகுதுங்க. குளிக்கறப்போ ஷவர்ல வாயத் தொறந்துட்டு நிப்பனுங்க, தெனமும் கொஞ்சம் உள்ள போயிருமுங்க. ஆனா அந்தத் தாள் எங்க போகும்னு எனக்கென்னங்க தெரியும்? இந்த ஆளால தண்ணியவே கட்டுப்படுத்த முடியல, இவனுக்குக் கிட்னி வெச்சா வீணாப் போயிரும்னு ஆப்பரேஷன நிறுத்திட்டா? ஏறுன எடைக்கு உப்பு மேல பழி போட்டுக்கலாமுங்க. தாகத்துக்கு யாரு மேல போடறது?"

உப்பு என்று பழி போட்டது கடைசியில் பூங்கொடி மேல் போய் விழுந்ததை அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. கண்ணை மூடிக்கொண்டார்.

"இதை டாக்டர்கிட்ட சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"ஆப்பரேஷன் நின்னுருமுங்களா?"

"நிக்காதுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா மறைச்சா இன்னொரு செவ்வாய்க்கிழமை வரும்."

தலையசைத்தார்.

கேதகியின் ஆராய்ச்சிக்குக் கைடு பொது மருத்துவத் துறைப் பேராசிரியர். விஷயத்தைக் கேட்டதும் கேதகி முதலில் சொன்னது, "அப்ப இந்த பேஷண்ட்டை எடுத்துடறேன் சார். இவர் டேட்டா தப்பு" என்பதுதான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இவர் ஒருத்தர்தான் பயந்தார்னு உனக்கு எப்படித் தெரியும்? தாளை நீட்டறதும் நீ, எடை ஏறினா திட்டறதும் நீ. வெள்ளைக் கோட் போட்டவங்கள்ல யார் ஆராய்ச்சிக்கு, யார் சிகிச்சைக்குன்னு அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

பதில்களால் சிகிச்சை பாதிக்கப்படாது என்று சம்மதப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. அதை நோயாளிகள் எல்லோரும் கையெழுத்துக்கு முன் படித்திருந்தார்கள். பலரும் நம்பவில்லை.

நான்கு மாத வேலையைக் கேதகி ஒதுக்கிவைத்தார். எதிக்ஸ் கமிட்டியிடம் மறுபடி அனுமதி வாங்கினார். தாளில் பெயர் இல்லாமல் எண் மட்டும். அதைக் கொடுப்பதற்கும், பூட்டிய பெட்டியில் வாங்குவதற்கும், எந்த எண் யாருடையது என்ற பட்டியலை வைத்துக்கொள்வதற்கும் டயாலிசிஸோடு சம்பந்தமில்லாத, கல்லூரி நூலகத்து ஊழியர் ஒருவர். தீசிஸ் கொடுக்கும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. தவறினால் பரீட்சை எழுத முடியாது. ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து, "பழையதையே எழுதிக் கொடுத்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்று அழுதார். மறுநாள் காலை எடை எடுக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து நின்றார்.

புதிய பெட்டியைத் திறந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பயந்தது மோகன் மட்டுமில்லை, ஏறக்குறைய பாதிப் புள்ளிகள் வலது பக்கம் நகர்ந்திருந்தன. தாளுக்குப் பின்புறம் ஒருவர் மராத்தியில் எழுதியிருந்தார்: 'பேரன் தண்ணீர் குடிப்பதைப் பார்க்காமல் எழுந்து போய்விடுகிறேன்.' எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அந்த யூனிட்டில் தாத்தாக்கள் ஐந்தாறு பேர். அன்று முதல் ஐந்தாறு பேரையும் வேறு மாதிரிதான் பார்த்தேன்.

கேதகி கடைசி நாளன்று தீசிஸைக் கொடுத்தார்.

5. மூன்று லிட்டர்

ஆபரேஷன் நிற்கவில்லை. மருத்துவர்கள் மோகனிடமும் பூங்கொடியிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். இரண்டு மாதம் எடையைக் கவனித்துவிட்டுத் தேதி கொடுத்தார்கள். பூங்கொடியின் சிறுநீரகம் மோகனுக்குள் நன்றாகவே வேலை செய்யத் தொடங்கியது.

சில மாதங்கள் கழித்து வெளிநோயாளிகள் பிரிவில் இருவரையும் பார்த்தேன். மோகன் முகத்தில் மாஸ்க். பூங்கொடி கையில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், பெரிய பாட்டிலில். புதுச் சிறுநீரகத்துக்கு நிறையத் தண்ணீர் வேண்டும். நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்று சொல்லியிருந்தார்கள்.

"அப்ப குடிக்காதீங்கன்னு காவல், இப்ப குடிங்கன்னு காவல். என் பொழப்பு தண்ணியோடயே போகுதுங்க மேடம்" என்று பூங்கொடி சிரித்தார். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மோகன் மாஸ்க்கை இறக்கி நாலு வாய் குடித்துவிட்டு, மூடியைத் திருகினார்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்னங்க. குடிக்கறன், குடிச்சுட்டே இருக்கறன். ஒரு வாய் கூட அந்த ஞாயித்துக்கெழம மாதிரி இல்லீங்க. என்ன மனுசனுங்க நானு! சாகக் கெடந்ததுக்கு ஏங்கறன்."

பூங்கொடி அவர் தோளில் லேசாகத் தட்டினார். அடுத்த வருஷம் அவர்கள் கோயம்புத்தூருக்கே போய்விட்டார்கள். அதற்கடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன்.

இப்போதும் மேற்படிப்பு டாக்டர்கள் சிலர் தங்கள் கேள்வித்தாளைப் போனில் அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்கிறார்கள். கேள்விகளை நான் அதிகம் திருத்துவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: "தாளைக் கொடுக்கும் முன்னாடி பேஷண்ட் பக்கத்துல உட்காருங்க. இந்தப் பதில் யார்கிட்ட போகும்னு நினைக்கறீங்கன்னு கேளுங்க. சொல்லி முடிக்கறவரைக்கும் எழுந்திருக்காதீங்க."

"அதுக்கெல்லாம் எங்கே மேடம் நேரம்?" என்கிறார்கள். எனக்கும் அன்று நேரம் இருந்ததில்லை. இருபது வருஷம் நின்றபடியே பேசிவிட்டு வந்தேன். இப்போது பதினொரு மணிக்கு வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் படுக்கைகளில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போய் ஒரு தடவை உட்கார்ந்து பேசிவிட்டு வர மனம் தவிக்கிறது.